கொட்டைப்பெட்டியிற் கிடைத்த காசுகள்

பழங்காசு என்றவுடன் பொன்னே எமது மனத்தில் முதலில் தோன்றுகின்றது. புதையல் கண்டெடுத்தவன் கதையையும், பூதங் காத்த பொற்குடத்தின் கதையையும் கேட்டு வளர்ந்தவர்கள் நாம். ஆகவே, செம்புக்காசு ஒன்று கைக்கு வந்தால் அதனைப் பிள்ளைகள் விளையாடக் கொடுத்துவிடுகின்றோம். பொற்காசு வந்தால் தட்டானிடம் கொண்டு போகின்றோம். ஆனால் வரலாற்றின் தராசு வேறு. அங்கே சில வேளைகளிற் பொன் மேலெழ, செம்பு தாழ்ந்து நிற்பதுண்டு. இவ்வுண்மையை நாம் நூல்களிற் படித்து அறிந்தோமல்லோம். எமது வீட்டிலே, எமது கையாற் செய்த ஒரு பிழையினாலேயே அறிந்தோம். அப்பிழையை மறையாது கூறுதல் எம்மையொத்த வாலிபர்க்குப் பயன்படும் என எண்ணி இக்கட்டுரையை எழுதத் துணிந்தோம். முதியோர் பொறுத்தருள்க.

பெட்டகத்தின் அடியில்

சென்ற ஆண்டு சித்திரை விடுமுறையில் வீட்டுக்கு வெள்ளையடிக்கும் பொருட்டு அம்மம்மாவின் பெட்டகத்தை அறையினின்றும் நகர்த்த வேண்டியதாயிற்று. பாரங் குறைப்பதற்காக உள்ளே இருந்தவற்றை ஒவ்வொன்றாக வெளியே எடுத்தோம். காணி உறுதிகள், சாதகக் குறிப்புகள், ஒரு கூறைச்சேலை, துருப்பிடித்த பாக்குவெட்டி ஆகியவற்றின் கீழே, அடிப்பலகையோடு ஒட்டினாற்போலப் பனையோலையால் இழைத்த சிறு கொட்டைப்பெட்டி ஒன்று கிடந்தது. இக்காலத்து இளைஞர் பலர் கொட்டைப்பெட்டியைக் கண்டிரார். முற்காலத்தில் ஆடவர் காசும் வெற்றிலையும் இட்டு மடியிற் செருகிச் செல்வது அதுவே.

அதனைச் சுளகிலே கவிழ்த்தோம். நாற்பத்திரண்டு காசுகள் விழுந்தன. எண்பத்து நான்கு வயதுடைய அம்மம்மா திண்ணையில் இருந்தபடியே சொன்னார்: “உது அப்புவின்ரை காசு மோனை. பொன்னெல்லாம் போட்டுது. உந்தச் செம்புதான் மிச்சம்.”

அப்பு என்றது எமது பூட்டனாரை. அவர் புகையிலை வணிகர். யாழ்ப்பாணத்துப் புகையிலை திருவிதாங்கூருக்குச் சென்று விலைப்பட்ட காலத்திலே அத்தொழிலைச் செய்த குடும்பத்தில் வந்தவர். அவர் சேர்த்த காசுகளுள் ஐந்து பவுண் காசுகளும் இருந்தனவாம். அவற்றுள் இரண்டு எமது தாயாரின் தாலிக்கொடிக்காக உருக்கப்பட்டன. எஞ்சிய மூன்றின் கதையை அம்மம்மா சுருக்கமாகவே சொன்னார். 1995ஆம் ஆண்டு ஒக்டோபர் 30ஆந் திகதி வலிகாமத்து மக்கள் அனைவரும் ஓரிரவில் வீடுவாசல்களைத் துறந்து தென்மராட்சிக்கு நடந்தபோது, அவர் இந்தக் கொட்டைப்பெட்டியை இடுப்பிற் செருகிக்கொண்டு புறப்பட்டார். மூன்று பவுண் காசுகளும் அங்கே அரிசியாகவும் மருந்தாகவும் மாறின. செம்புக்காசுகளையும் விற்க முயன்றீர்களா என்று கேட்டோம். “செம்பை ஆர் வாங்குவினம்?” என்று சிரித்தார்.

அச்சிரிப்பின் பொருள் அப்போது எமக்கு விளங்கவில்லை. விலைபோகாமையே அச்செம்பைக் காத்தது. விலையுள்ளது ஒவ்வோர் இடரிலும் ஒவ்வொன்றாகச் சென்றுவிட, ஒருவரும் வேண்டாதது மாத்திரம் எமது தலைமுறை வரையும் வந்து சேர்ந்தது.

நாம் செய்த பிழை

சுளகிற் கிடந்தவற்றுட் பெரும்பாலானவற்றை ஒருவாறு இனங்கண்டோம். சதுர வடிவான ஐந்து சதங்கள் இருந்தன. அவ்வடிவம் 1909ஆம் ஆண்டு முதல் இலங்கையில் வழங்கியது. ஒரு பக்கம் விக்டோரியா மகாராணியின் தலையும் மறுபக்கம் ஓங்கி நிற்கும் பனைபோன்ற மரமும் பொறித்த 1870ஆம் ஆண்டுச் சதங்கள் இருந்தன. யானை உருவம் பொறித்த தடித்த செம்புக்காசுகள் இரண்டு, ஆங்கிலேயர் ஆட்சியின் தொடக்கத்தில் அடிக்கப்பட்டவை. கடுகு போற் சிறிய திருவிதாங்கூர் வெள்ளிச் சக்கரங்கள் மூன்று ஒரு துணியில் முடிந்திருந்தன. இருபத்தெட்டுச் சக்கரங் கொண்டது ஒரு திருவிதாங்கூர் ரூபா. கையால் எண்ண இயலாத அளவுக்குச் சிறியனவாகலின், அவற்றைக் குழியிட்ட பலகையிலே பரப்பி எண்ணுவது அந்நாட்டு வழக்கம்.

இவற்றை விட, பச்சைக் களிம்பு மூடி உருவம் எதுவும் தெரியாதபடி ஏழு தடித்த செம்புத்துண்டுகள் இருந்தன. அவற்றை அழுக்கென்றே கருதினோம். வெள்ளிக்கிழமை தோறும் குத்துவிளக்கு மினுக்கும் வீட்டிலே வளர்ந்தவர்களாதலால் எமக்குத் தெரிந்த மருந்து பழப்புளியும் சாம்பலுமே. ஏழிலும் நன்கு வட்டமாயிருந்த ஒன்றை எடுத்து, அரை மணி நேரம் தென்னந்தும்பு கொண்டு தேய்த்தோம். காசு தாமரைப்பூ நிறத்தில் மின்னிற்று. அம்மம்மா கண்டு, “ஏன் மோனை அதைப் போட்டு உப்பிடித் தேய்க்கிறாய்? அது கிடந்தபடி கிடக்கட்டுமே” என்றார். அவர் சொல்லைப் பொருட்படுத்தினோமில்லை. மறுநாள் மற்றவற்றையும் தேய்ப்பதாகவே எண்ணியிருந்தோம். நல்லவேளையாக மறுநாள் மழை பிடித்துக்கொண்டது.

விடுமுறை முடிந்து பல்கலைக்கழகம் திரும்பியபோது ஏழு காசுகளையும் கடதாசியில் மடித்து எடுத்துச் சென்று, வரலாறு கற்பிக்கும் ஆசிரியர் ஒருவரிடம் காட்டினோம். மின்னிய காசையே பெருமையோடு முதலில் நீட்டினோம். அவர் அதனைப் பூதக்கண்ணாடியின் கீழ் நெடுநேரம் வைத்திருந்தார். பின், “இதைத் தேய்த்தது யார்?” என்று கேட்டார். நாம் விடை கூறுமுன்னரே எமது முகம் விடை கூறிவிட்டது.

செம்புக்காசின் மேற் படியும் பச்சைக் களிம்பு வெறும் அழுக்கன்று. பல நூற்றாண்டுகள் மண்ணிலும் காற்றிலும் கிடந்தமையாற் செம்பின் மேற்பரப்பே மாறி அவ்வாறாகின்றது. எழுத்தின் நுண்ணிய விளிம்புகள் பல வேளைகளில் அக்களிம்பிலேயே தங்கியிருக்கும். புளியிலுள்ள அமிலம் களிம்பைக் கரைக்கின்றது. சாம்பலும் தும்பும் எஞ்சியதை அரைத்துவிடுகின்றன. நானூறு, ஐந்நூறு ஆண்டுகள் மண்ணினுள்ளே அழியாது கிடந்த எழுத்தை நாம் அரை மணி நேரத்தில் அழித்துவிட்டோம். காளையொன்றின் முதுகுவளைவும், அதன் கீழே ‘சே’ என்னும் ஓர் எழுத்துமே அக்காசில் எஞ்சி நின்றன.

தேய்க்கப்படாத காசுகளுள் இன்னொன்று அவ்வெழுத்தின் மீதியை எமக்குக் காட்டிற்று. அதிலே படுத்திருக்கும் நந்தி, மேலே பிறை, கீழே தெளிவான தமிழ் எழுத்தில் ‘சேது’.

யாருடைய காசு?

நாம் பயின்றது மிஷன் பாடசாலை ஒன்றிலே. அங்கே கற்பித்த ஆசிரியர்களுக்கு நாம் என்றும் நன்றியுடையோம். உரோமப் பேரரசர்களின் பெயர்களை வரிசைப்படி ஒப்புவிக்கும் ஆற்றலை அவர்கள் தந்தார்கள். வேதாகம வகுப்பிலே ஒரு காசைக் காட்டி, இதில் இருப்பது யாருடைய உருவம் என்று வினாவிய வரலாற்றையும் படித்திருந்தோம். அதே வினாவை எமது பூட்டனாரின் காசு எம்மை நோக்கி வினாவியபோது எம்மிடம் விடை இருக்கவில்லை. சீசரின் காசை அறிந்த நாம் சிங்கை ஆரியனின் காசை அறியாதிருந்தோம்.

‘சேது’ என்னும் சொல் பொறித்த காசுகள் யாழ்ப்பாணத்து ஆரியச்சக்கரவர்த்திகள் வெளியிட்டவை. 13ஆம் நூற்றாண்டு முதல் 1619ஆம் ஆண்டிலே சங்கிலி குமாரன் போர்த்துக்கேயரிடம் தோல்வியுற்ற காலம் வரை, நல்லூரைத் தலைநகராகக் கொண்டும் செகராசசேகரன், பரராசசேகரன் என்னும் சிம்மாசனப் பெயர்களை மாறி மாறிப் பூண்டும் அம்மரபினர் ஆண்டனர். 1344ஆம் ஆண்டில் இலங்கைக்கு வந்த இபின் பத்தூத்தா என்னும் முகம்மதிய யாத்திரிகர் ஆரியச்சக்கரவர்த்தியைச் சந்தித்தமையையும் அவனிடமிருந்த முத்துக்களையும் தமது பயண வரலாற்றிற் குறித்துள்ளார். நந்தி அம்மன்னரது கொடியிலுள்ள இலச்சினை. சேதுவைக் காக்கும் உரிமை தமக்குண்டென்பதை அவர்கள் பெருமையாகக் கொண்டனர். ஆகவே சேது என்பதே அரச முத்திரைச் சொல்லாயிற்று.

இஃது இன்று எளிதாகத் தோன்றுகின்றது. ஆயின் ஒரு காலத்தில் இக்காசுகள் யாழ்ப்பாணத்துக்கு உரியனவென்று ஒருவரும் கூறவில்லை. ‘சேது’ என்றிருத்தலின் அவை இராமநாதபுரத்துச் சேதுபதிகள் வெளியிட்டனவாதல் வேண்டும் என அறிஞர் சிலர் கொண்டனர். அம்முடிபை மறுத்து, அவை யாழ்ப்பாண மன்னரின் மறக்கப்பட்ட நாணயங்கள் என 1920ஆம் ஆண்டிலே ஆங்கிலத்தில் எழுதி நிலைநாட்டியவர் நல்லூர் சுவாமி ஞானப்பிரகாசர். 1924ஆம் ஆண்டில் இலங்கை நாணயங்கள் பற்றிப் பெருநூல் வெளியிட்ட கொட்றிங்டன் அவர்களும் அக்காசுகளை யாழ்ப்பாண அரசுக்கு உரியனவாகக் கொண்டார்.

இம்முடிபுக்கு உரிய சான்றுகளைச் சுருக்கிக் கூறுவோம். முதலாவது, இக்காசுகள் யாழ்ப்பாணக் குடாநாட்டிலும் அதனைச் சூழ்ந்த வட பகுதிகளிலும் மிகுதியாகக் கிடைக்கின்றன. இரண்டாவது, கேகாலைப் பகுதியிலுள்ள கொட்டகமையிற் கிடைத்த ஆரியச்சக்கரவர்த்தியின் தமிழ்க் கல்வெட்டு ‘சேது’ என்னும் சொல்லைத் தலைப்பிற் கொண்டு தொடங்குகின்றது. மூன்றாவது, இராமநாதபுரத்தில் சேதுபதிகளின் ஆட்சி மதுரை நாயக்கராற் புதிதாக நிலைநாட்டப்பட்டது 1605ஆம் ஆண்டளவிலேயே; காசின் அமைப்போ அதற்கு முற்பட்டது. நான்காவது, காசின் மறுபக்கத்தில் நிற்கும் மனித உருவம் இலங்கைக்கே சிறப்பாக உரிய ஒரு மரபைச் சேர்ந்தது.

ஈண்டு ஒன்றை எமது சங்கத்தினர் சிந்தித்தல் வேண்டும். சுவாமி ஞானப்பிரகாசர் 1875ஆம் ஆண்டில் மானிப்பாயிலே சைவக் குடும்பத்திற் பிறந்து, பின்னர் கத்தோலிக்கக் குருவாகி, 1947ஆம் ஆண்டு வரை வாழ்ந்தவர். நந்திக் கொடியுடைய சைவ மன்னரின் காசை அம்மன்னரின் பெயருக்கே மீட்டுத் தந்தவர் ஒரு கிறித்தவ குரு. சமயத்தால் வேறுபட்டோராயினும் உண்மையைத் தேடுவோர் அனைவரும் ஒரு குலத்தவரே என்பதற்கு இதனினும் சிறந்த சான்று வேண்டுமோ?

நிற்கும் மனிதன்

அம்மனித உருவத்தின் வரலாறு மிகச் சுவையானது. எமது ஏழு காசுகளுள் வேறொன்றிலும் அதே உருவம் இருந்தது. ஆனால் அதன் மறுபக்கத்தில் நந்திக்குப் பதிலாக அமர்ந்த மனித உருவமும், நாகரி எழுத்தில் ‘ஸ்ரீ ராஜராஜ’ என்னும் பெயரும் இருந்தன. அது முதலாம் இராசராச சோழன் காசு என ஆசிரியர் விளக்கினார். இராசராசன் 985 முதல் 1014 வரை ஆண்டவன். 993ஆம் ஆண்டளவில் அவன் படை வட இலங்கையைக் கைக்கொண்டது.

சோழன் தன் ஊரிலிருந்து இவ்வடிவத்தை இங்கே கொண்டுவந்தான் என்றே நாம் எண்ணினோம். அது சரியன்று. அவனுக்கு முன்னரே அனுராதபுர அரசின் பிற்காலத்திலே வழங்கிய ‘ககவணு’ என்னும் பொற்காசுகளில் நிற்கும் மனிதனும் அமர்ந்த மனிதனும் காணப்படுகின்றனர். சோழர் கல்வெட்டுக்களிலே ‘ஈழக்காசு’ என்னும் பெயர் பயில்கின்றது. ஈழத்துக் காசு சோழநாட்டுக் கடைவீதியிலும் செல்லுபடியாயிற்று என்பது இதனாற் பெறப்படும். ஈழத்தை வென்ற சோழன் ஈழத்தார் பழகிய காசின் அமைப்பையே மேற்கொண்டான் என ஆய்வாளர் கொள்வர். சோழரை வெளியேற்றிய பின்னர் பொலன்னறுவையிலிருந்து ஆண்ட பராக்கிரமபாகு, நிசங்கமல்லன், இராணி லீலாவதி முதலிய சிங்கள அரசரும் தத்தம் பெயரை நாகரியிற் பொறித்து அதே உருவத்தைத் தொடர்ந்தனர். அவர்களுக்குப் பின் எழுந்த யாழ்ப்பாண மன்னரும் நிற்கும் மனிதனை நீக்கவில்லை. ஒரு பக்கம் அவனை வைத்து, மறுபக்கம் நந்தியையும் தமிழ்ச் சொல்லையும் பொறித்தனர்.

அனுராதபுரம், தஞ்சை, பொலன்னறுவை, நல்லூர் ஆகிய நான்கும் வெவ்வேறு அரசுகள்; அவற்றுட் சில ஒன்றோடொன்று பொருதன. ஆயினும் சந்தையிலே மக்கள் நம்பிக் கைநீட்டி வாங்கிய காசின் உருவம் மாத்திரம் ஒருவர் கையிலிருந்து மற்றவர் கைக்கு மாறி வந்தது. போரைப் பாடிய நூல்கள் கூறாத இச்செய்தியை ஒரு செம்புத்துண்டு கூறுகின்றது. நாடு பிளவுபட்டுக் குருதி சிந்திய காலத்துக்குப் பின் வளர்ந்த எமக்கு இச்செய்தி மிகவும் பெரிதாகத் தோன்றிற்று.

காசும் சொல்லும்

எஞ்சியவற்றுள் ஒல்லாந்தர் காசுகளைப் பற்றி ஒரு வார்த்தை. மூன்றெழுத்துக்களைப் பின்னி அமைத்த கம்பனி முத்திரையுடைய செம்புக்காசுகள் எட்டு எமது கொட்டைப்பெட்டியில் இருந்தன. ஒல்லாந்தர் 1658ஆம் ஆண்டில் யாழ்ப்பாணக் கோட்டையைக் கைப்பற்றி 1795ஆம் ஆண்டு வரை ஆண்டனர். அவர்களது சிறு செம்புக்காசின் பெயரே எமது மொழியில் ‘துட்டு’ ஆயிற்று. அவர்கள் வழங்கிய பெருங்காசின் பெயரை எமது முன்னோர் ‘இறைசால்’ என்று தமிழாக்கிப் பழைய உறுதிகளில் எழுதினர். இதற்கு மறுதலையாக, எமது ‘காசு’ போர்த்துக்கேயர் வாயிற் புகுந்து பின்னர் ஆங்கிலத்திற் ‘காஷ்’ ஆயிற்று. எமது ‘பணம்’ ஐரோப்பியர் கணக்கேடுகளிற் ‘பனம்’ ஆயிற்று. ஆண்டவர் சென்றுவிட்டனர், சொற்கள் இரு பக்கத்திலும் தங்கிவிட்டன.

யாழ்ப்பாணத்து மண் இதனினும் பழைய காசுகளையும் தன்னகத்தே கொண்டது. 1917ஆம் ஆண்டை அடுத்து, கந்தரோடையில் ஆராய்ந்த போல் பீரிஸ் அவர்கள் முத்திரை குத்திய வெள்ளிக்காசுகளையும் உரோமக் காசுகளையும் அங்கே கண்டார். இலக்குமி உருவம் பொறித்த செம்புத் தகடுகளும் அவ்விடத்திற் கிடைத்துள்ளன. பாடசாலையில் எந்தப் பேரரசர்களின் பெயரை மனனஞ் செய்தோமோ, அவர்களது காசு எமது வீட்டிலிருந்து துவிச்சக்கர வண்டியிற் செல்லக்கூடிய தூரத்து மண்ணுள்ளே கிடந்தது என்பதை அதுவரை நாம் அறியோம்.

கதியாற் குழி

ஆசிரியர் எம்மிடம் கேட்ட இரண்டாவது வினா, “இவை எங்கே கிடைத்தன?” என்பது. காசின் வயதை எழுத்துக் கூறும். காசு அங்கு வந்த காரணத்தை இடமே கூறும் என்றார். ஒரு காசு தனியே கிடைத்ததா, பலவோடு கிடைத்ததா, பானையினுள்ளா, வெறும் மண்ணிலா, அருகிலே ஓட்டுத்துண்டுகள் இருந்தனவா என்பவற்றை அறியாவிடின் அது பெயர் தெரியாத பிள்ளை போலாகிவிடும்.

வீடு சென்று அம்மம்மாவிடம் கேட்டோம். ஏழு செம்புத்துண்டுகளும் வணிகத்தால் வந்தவையல்ல என்றார். அவர் சிறு பிள்ளையாயிருந்த காலத்திலே தோட்டக்காணியின் மேற்கு வேலிக்குக் கதியால் நடக் குழி தோண்டியபோது, முழங்கையளவு ஆழத்தில் ஒரே குழியிலிருந்து வந்தனவாம். கூடவே கருநிற மண்ணோடுகளும் வந்தன. அவற்றைப் புறத்தே எறிந்துவிட்டார்கள். நாம் அன்றே சென்று பார்த்தோம். வேலி போய் மதில் வந்திருந்தது. ஆயினும் அம்மம்மா கூறியவாறு திசையையும் தூரத்தையும் குறித்து, படம் வரைந்து, அவர் சொன்ன சொற்களையும் அப்படியே எழுதி ஆசிரியரிடம் கொடுத்தோம். சோழன் காசும் சேதுக் காசும் ஒரே குழியில் இருந்தமை ஆராயத்தக்கது என்றார் அவர். பழைய காசும் பிந்திய அரசின் காலத்தில் உடன் வழங்கியிருத்தல் கூடும்.

அக்காலத்தில் வெளிநாட்டிலிருந்து வந்திருந்த எமது மாமா ஒருவர், இக்காசுகளுக்கு அங்கே நல்ல விலை உண்டென்றும் தாம் கொண்டுசென்று விற்றுத் தருவதாகவும் அன்போடு கூறினார். வீட்டுக் கூரை ஒழுகுவதும் அவர் கண்ணிற் பட்டிருந்தது. அவரை நாம் குறை கூறோம். ஆயின் தொல்பொருட்களை உத்தரவுப் பத்திரமின்றி நாட்டுக்கு வெளியே கொண்டுசெல்வது 1940ஆம் ஆண்டுத் தொல்பொருட் சட்டத்தால் விலக்கப்பட்டது. சட்டத்தை விட, அம்மம்மாவின் சொல்லே அவ்விவாதத்தை முடித்தது. “பொன்னை வித்தது பசிக்கு. உதை என்னத்துக்கு விக்கிறது?” என்றார். பின் எம்மை நோக்கி, “நீயே வைச்சிரு மோனை. ஆனால் இனித் தேய்க்காதை” என்றார்.

கார்த்திகை மாதத்தில் அம்மம்மா சிவபதம் அடைந்தார். யானைக் காசுகள் இரண்டும் எவ்வாறு எமது வீட்டுக்கு வந்தன என்பதைக் கேட்க எண்ணியிருந்தோம். இனி அதனைக் கேட்பதற்கு ஒருவருமில்லை.

இளைஞர்க்கு ஒரு விண்ணப்பம்

1981ஆம் ஆண்டில் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரியூட்டப்பட்டபோது ஏறக்குறைய 97,000 நூல்கள் சாம்பராயின. அவ்விழப்பை நினைந்து வருந்தாதார் இல்லை. எமது பெட்டகங்களிலும் கொட்டைப்பெட்டிகளிலும் சிறு நூலகங்கள் இன்னும் எஞ்சியுள்ளன. அவற்றை எரிப்பதற்குப் பகைவர் வேண்டியதில்லை. எமது அறியாமையும் ஒரு பிடி பழப்புளியும் போதும்.

ஆகவே எமது சங்கத்து வாலிபர்களை வேண்டுகின்றோம். வீட்டிலே பழங்காசு இருப்பின் அதனைத் தேய்க்காதீர்கள், எண்ணெயும் பூசாதீர்கள். ஒவ்வொன்றையும் தனித்தனிக் கடதாசி உறையில் இட்டு, இரு பக்கத்தையும் படம் பிடித்து, நிறையையும் விட்டத்தையும் குறித்து வையுங்கள். பல்கலைக்கழக வரலாற்றுத் துறையினரிடமோ, நல்லூர் நாவலர் வீதியிலுள்ள தொல்பொருட் காட்சிச்சாலையினரிடமோ காட்டுங்கள். புதிதாக மண்ணிலிருந்து ஏதேனும் வெளிப்படின் மறையாது உரியவர்க்கு அறிவியுங்கள். இவையெல்லாவற்றுக்கும் முன்பாக, வீட்டிலுள்ள முதியோரிடம் சென்று அமர்ந்து, “இது எங்கிருந்து வந்தது?” என்று கேளுங்கள். கேட்டதை அன்றைக்கே எழுதுங்கள். அங்கத்தவர் வீடுகளிலுள்ள காசுகளைப் பற்றி எமது சங்கம் ஓர் ஏடு தொடங்குமாயின், எமது நாற்பத்திரண்டு காசுகளின் விபரத்தையும் அதன் முதற் பக்கத்துக்குத் தர ஆயத்தமாயிருக்கின்றோம்.

முதியோர்களை வேண்டுவதும் ஒன்றுண்டு. நாம் கேட்கும் வரை காத்திராது சொல்லுங்கள்.

தேய்த்த காசை நாம் எறிந்துவிடவில்லை. அதுவும் மற்றை ஆறோடு ஓர் உறையில் இருக்கின்றது. ‘து’ இழந்த அந்தச் ‘சே’யை எடுத்துப் பார்க்குந்தோறும் வெட்கமும், இனிக் காக்க வேண்டியவற்றின் நினைவும் ஒருங்கே எழுகின்றன.